பங்கு உண்டு, இருக்கை இல்லை

பெரியபுராணத்தில் காரைக்கால் வணிகர் தனதத்தன், ஒரே மகள் புனிதவதியைப் பிரிய மனமின்றி ஊரிலேயே தனிவீடு அமைத்து, அளவற்ற பொருளும் தருகிறார். அதைக் கொண்டு வணிகம் பெருக்குபவன் மருமகன் பரமதத்தன். மாங்கனித் திருவிழாவில் அவள் பக்தியைக் கொண்டாடும் நாம் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இன்றைய வணிகக் குடும்பங்களிலும் அதே கணக்குதான். முருகப்பா குழுமத்தின் எம்.வி. முருகப்பன் 2017இல் மறைந்தார். தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் மனைவி, மகள்கள் வசம் 8 விழுக்காட்டுக்கு மேல் பங்கு. மூத்த மகள் வள்ளி அருணாசலம் இயக்குநர் இருக்கை கேட்டார். 2020 பொதுக்கூட்டத்தில் 91 விழுக்காட்டு வாக்குகள் எதிராக விழுந்தன. பெண் என்பதே காரணம் என்றார், தீர்ப்பாயம் போனார். 2023இல் சமரசம் ஆனது.

பட்டியலிடாத நிறுவனப் பங்கைச் சந்தையில் விற்கவும் முடியாது. பெண்ணுக்குச் சொத்து தருவது வேறு; ஆளவிடுவது வேறு.