கார்வை கரையும் இடம்

தம்புராவின் தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே செருகும் நூல்துண்டுக்கு ஜீவாளி என்று பெயர். குதிரையின் மேற்பரப்பு லேசாக வளைந்திருக்கும். நூல் சரியான இடத்தில் அமைந்தால், அதிரும் தந்தி அந்த வளைவை உரசி உரசி மேற்சுரங்களை எழுப்பும். நாதம் ரீங்காரமாகச் சுழலும். நூல் மயிரிழை விலகினாலும் அந்தச் சுழற்சி அடங்கிவிடும். ஒலியை மேம்படுத்தும் கருவிகள் உண்மையிலேயே பயன்படுமா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த நூல்தான் நினைவுக்கு வருகிறது.

மின்சுற்றால் செய்த ஜீவாளி ஒன்றும் உண்டு. 1970களின் நடுவில் அமெரிக்காவில் ஆஃபெக்ஸ் நிறுவனம் 'ஆரல் எக்சைட்டர்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. முதலில் அதை விற்கவில்லை. ஒலிப்பதிவுக்கூடங்களுக்கு வாடகைக்குத்தான் விட்டார்கள். முடிந்த பாடலின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 30 டாலர். வரும் ஒலியின் உச்சப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, அதிலிருந்து புதிய மேற்சுரங்களை உண்டாக்கி, மூல ஒலியோடு துளி கலந்துவிடும். பின்னால் அமுங்கிக் கிடந்த குரல் முன்னே வரும், சொற்கள் துலங்கும். தேர்ந்த பொறியாளர் கையில் அது அருமையான கருவி.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் காது மறக்கக் கூடாது. ஜீவாளி எழுப்பும் மேற்சுரங்கள் அந்தத் தந்தியிலேயே பிறந்தவை. எக்சைட்டர் தருபவை பாடியவர் தொண்டையில் இல்லாதவை. முடிந்துபோன பதிவின் மீது வீட்டில் உட்கார்ந்து அதைப் பூசினால் முதல் பாட்டு பளபளக்கும். பத்தாவது பாட்டில் ஸகரங்கள் சீறும், மிருதங்கத்தின் சாப்பு கண்ணாடி உடைவதுபோல் கேட்கும், காது களைத்துப்போகும்.

என் நெஞ்சுக்கு நெருக்கமான கருவி வேறு. கேசட்டின் நாடா 3.81 மில்லிமீட்டர் அகலம்; நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகரும். அதனால் 'உஸ்' என்ற இரைச்சல் அதன் கூடவே பிறந்தது. வீணையில் ஒரு சுரத்தை மீட்டிவிட்டுக் கார்வையில் நின்றால், நாதம் தேயத் தேய அதன் வாலை இரைச்சல் விழுங்கிவிடும். 1963 முதல் இரண்டாண்டு இந்தியாவில் ஐ.நா. ஆலோசகராக இருந்த ரே டால்பி, 1965இல் லண்டனில் தம் ஆய்வகத்தைத் தொடங்கி நாடா இரைச்சலோடு மோதினார். 1968இல் வீட்டு நாடாக்களுக்கான 'டால்பி பி' வந்தது. பதியும்போது மெல்லிய உச்ச ஒலிகளைத் தூக்கிவை. கேட்கும்போது அதே அளவு இறக்கு. இசை பழைய இடத்துக்குத் திரும்பும், இடையில் ஒட்டிய இரைச்சலோ சுமார் 10 டெசிபல் தாழும். பதிபவரும் கேட்பவரும் ஒரே வாக்கைக் காப்பாற்றும்போது மட்டுமே பலிக்கும் வித்தை இது.

டால்பியில் பதிந்த நாடாவைப் பலர் கருவியின் டால்பி பொத்தானை அணைத்துவிட்டே கேட்டார்கள். இரைச்சலோடு சேர்ந்து ஒலி தூக்கலாக இருந்ததால் அதுவே நன்றாகப் பட்டது. நானும் சில காலம் அப்படிக் கேட்டவன்தான். தூக்கலான ஒலி காதை எளிதில் வசப்படுத்தும். தாழ்ந்த ஒலியளவில் அடிநாதத்தையும் உச்சத்தையும் காது குறைவாகவே வாங்குகிறது என்பதை ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். ஆகவே ஒலியளவு சற்றே ஏறினாலும் இசை நிறைந்துவிட்டதாகத் தோன்றும். பல பெட்டிகளின் மாயம் அவ்வளவுதான். கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒலியளவு ஒன்றாக இருக்கும்படி வைத்து, பொத்தானை இன்னொருவரிடம் கொடுத்து, கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சோதனையில் நிற்கும் கருவியை நம்பலாம்.

பதிவில் விழாத நாதத்தை எந்தப் பெட்டியாலும் மீட்டுத் தர முடியாது. விழுந்த நாதத்தைச் சிதறாமல் காது வரை கொண்டுவந்து சேர்ப்பதே ஒரு கருவி செய்யக்கூடிய பெருங்காரியம். இன்றும் ஊரடங்கிய இரவில் பழைய வீணைக் கேசட் ஒன்றைப் போட்டு டால்பி பொத்தானை அழுத்துகிறேன். மீட்டிய சுரம் மெல்லத் தேய்கிறது. இன்னும் தேய்கிறது. அது நின்ற கணம் எதுவென்று என்னால் சொல்ல முடிகிறது.