வாயிலில் நின்ற புலவர்

புறநானூற்றின் 206, 207, 208 ஆம் செய்யுள்கள் மூன்றும் தம்முள் உறவுடையன. முதலாவது, அதியமான் நெடுமானஞ்சி பரிசில் நீட்டித்தபோது ஒளவையார் பாடியது. இரண்டாவது, இளவெளிமான் சிறிது கொடுப்பக் கொள்ளாது பெருஞ்சித்திரனார் பாடியது. மூன்றாவது, அதியமான் தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை மறுத்து அவரே பாடியது. 1894 இல் உ. வே. சாமிநாதையர் இந்நூலைப் பதிப்பித்த பின்னர், இவை புலவர்தம் பெருமிதத்துக்குச் சான்றுகளாகவே மேடைதோறும் எடுத்தோதப்பட்டு வந்துள்ளன. பெருமிதம் உண்டு, மறுப்பாரிலர். ஆயின் இவற்றைப் பாடியோர் தொழில் தேடி வழிநடந்தோர். பிறர் வாயிலிற் காத்து நின்றோர். அதனை மறந்து பெருமிதத்தை மட்டும் வியப்பது பாட்டிற் பாதியைப் படிப்பதேயாம்.

பெருஞ்சித்திரனார் எத்தகைய இல்லத்திலிருந்து புறப்பட்டார் என்பதை 159, 160 ஆம் செய்யுள்கள் காட்டுகின்றன. மூத்துத் தளர்ந்த தாய், தன் வாழ்நாள் முடியவில்லையே என நோகின்றாள். மனைவி குப்பைக் கீரையைக் கொய்து உப்பின்றி வேகவைக்கின்றாள். மகன் உணவில்லாத கலங்களைத் திறந்து திறந்து பார்த்து அழுகின்றான். அவனுக்குப் புலியைச் சொல்லி அச்சமூட்டியும் திங்களைக் காட்டியும் தாய் பராக்குக் காட்டுகின்றாள். இவ்வளவையும் அறிந்த ஒருவரே 208 இல் கைக்கெட்டிய பொருளை வேண்டாமென்கிறார். வயிறு நிறைந்தவனின் மறுப்பு வேறு, இது வேறு.

ஒளவையாரின் பாட்டு வாயில் காவலனை விளித்துத் தொடங்குகின்றது. பரிசிலர்க்கு அடையாத வாயிலைக் காப்பவன் அவன். ஆதலின் குறை அவனிடத்தில் இல்லை. அடுத்து எழும் வினாவே இச்செய்யுளின் உயிர்நிலை. அஞ்சி தன்னை அறியானோ, அல்லது என்னை அறியானோ என்று அவர் கேட்கிறார். விண்ணப்பம் அனுப்பி மறுமொழி காணாது மாதங்களைக் கழித்தவன், தன்னிடத்துக் குறையாது என்பதொன்றையே மீட்டும் மீட்டும் வினவி உள்ளுக்குள் தேய்ந்துபோவான். ஒளவையாரோ கொடுப்பவனின் அறிவை முதலில் வினவுகிறார். இது செருக்கன்று, வாயிலில் நிற்போர் மனந்தளராதிருக்க வேண்டிய நியாய உணர்வாகும்.

அப்பால் அவர் கலங்களைக் கட்டிச் சுமந்துகொண்டு புறப்படுகின்றார். மழு ஏந்திய தச்சனின் கைவல்ல சிறுவர்க்குக் காட்டில் மரம் கிடைப்பதுபோல, எத்திசைச் சென்றாலும் தமக்கு உணவு உண்டு என்கிறார். ஈண்டுத்தான் நம் மேடைப் பேச்சாளர் வழுவுகின்றனர். “கலங்காதே, உலகம் பெரிது” என்று வேலையற்ற இளைஞனுக்கு உபதேசிக்க இவ்வுவமையை எடுத்தாள்கின்றனர். உவமையை ஊன்றி நோக்குக. மழுவும் வேண்டும், காடும் வேண்டும். ஒளவையாரிடத்துத் தொழிற்றிறம் இருந்தது. தமிழகத்தில் வாயில்களும் பல இருந்தன. இரண்டில் ஒன்றில்லையெனின் உவமை நில்லாது.

அளவெட்டியை எடுத்துக்கொள்வோம். அது நாதசுரமும் தவிலும் தழைத்த ஊர். நாதசுர வித்துவான் என். கே. பத்மநாதனின் பெயரோடு அவ்வூர்ப் பெயர் பிரியாது வழங்குகின்றது. தவில் மேதை தட்சணாமூர்த்தி அவ்வூரில் வாழ்ந்து, தமிழகத்து மேடைகளிலும் புகழ்பெற்றார். ஓர் ஊரில் திருவிழா முடிந்தால் கருவியை உறையிலிட்டு அடுத்த ஊர்க் கோயிலுக்குச் செல்லும் இக்கலைஞர்க்கே ஒளவையாரின் உவமை அப்படியே பொருந்தும். அதே ஊரிற் கற்றுத் தேறி அரசாங்க உத்தியோகத்தை எதிர்நோக்கியிருந்த மகனுக்கு அது பொருந்தியதில்லை. அவன் கையிலிருந்தது நற்சான்றுப் பத்திரம். அவன் அறிந்த வாயிலும் ஒன்றே. அளவெட்டியில் 1927 இல் பிறந்த மஹாகவி உருத்திரமூர்த்தியும் கொழும்பிலே அரசாங்க எழுதுவினைஞராயிருந்தே கவிதை செய்தார். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின் அவ்வொரு வாயிலும் தமிழர்க்கு ஒடுங்கியது. காடே இல்லாதவனிடம் மழுவைப் புகழ்வதாற் பயன் யாது?

1971 இல் டட்லி சீயேர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு, கற்றோரின் எதிர்பார்ப்பும் நாட்டிலுள்ள தொழில்களும் இசையாமையை எடுத்துரைத்தது. அதிற் பெரிதும் உண்மையுண்டு. எனினும் பின்வந்தோர் பலர் அதனைச் சுருக்கி, “பட்டதாரி பெரிதாக ஆசைப்படுகிறான், சிறிய வேலையை இகழ்கிறான்” என்று பழியை அவன்மேல் ஏற்றிவிட்டனர். அவர்க்கு 208 ஆம் செய்யுள் தக்க விடை தருகின்றது. பெருஞ்சித்திரனார் அளவைப் பற்றி முறையிடவில்லை. குன்றும் மலையும் பல கடந்து வந்தவரை நேரிற் காணாமலே, இதனைக் கொண்டு செல்க என்று விடுத்ததே அவர் முறையீடு. தாம் பொருளுக்குப் பாட்டை விற்கும் வணிகர் அல்லர் என்கிறார். தகுதியை அளந்தறிந்து பேணிக் கொடுப்பின் தினையளவாயினும் இனிது என்றும் கூறுகின்றார். ஆகவே சிறுமை பொருளில் இல்லை, அறியாமையில் உள்ளது. 2017 இல் வடமாகாணப் பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலக வாயிலில் இரவும் பகலும் அமர்ந்திருந்தபோது, அவர்களைச் சோம்பர் என ஏசிச் சென்றோர் இச்செய்யுளைப் பள்ளியிற் படித்தவர்களாகவும் இருந்திருக்கலாம்.

தேடுவோன் தன் ஊக்கத்தைக் காத்துக்கொள்ளும் வழி 207 இல் உள்ளது. மூன்றனுள் மிக நுண்ணியது அதுவே. மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே. புலவர் அங்கு இளவெளிமானை விளிக்கவில்லை. தம் நெஞ்சையே விளித்து, எழுக, செல்வோம் என்கிறார். அருகிற் கண்டும் காணார் போல, முகமலர்ச்சியின்றித் தரும் பரிசிலுக்கு யார் ஏங்குவர்? உள்ளம் யாளிபோல் எழவேண்டியிருக்க, கைகூடாத காய்க்கனிக்கு யார் சுழன்று நிற்பர்? எழுக என்று ஏவவேண்டியிருப்பதால் நெஞ்சு முன்னரே சோர்ந்து அமர்ந்துவிட்டது என்பது பெறப்படும். சோர்வே அறியாத வீரராக அவரைக் காட்டும் உரைகள் இக்குறிப்பைத் தவறவிடுகின்றன. சோர்ந்தார், சோர்ந்த நெஞ்சைத் தாமே எழுப்பினார்.

பின்னர்க் குமணனிடம் யானை பெற்று, அதனை இளவெளிமானின் காவன்மரத்திற் கட்டி, இரவலர் உண்மையையும் ஈவோர் உண்மையையும் காண்க என்று சொல்லிச் சென்றது 162 ஆம் செய்யுள். மாணவர் மிக விரும்புவதும் இதுவே. பழிக்குப் பழி என்ற சுவை அதில் இருப்பதால் ஏனையவற்றோடு ஒப்ப வைத்தற்கு அரிது.

அதனை அடுத்த 163 ஆம் செய்யுளே மேம்பட்டது. பொருளோடு இல்லம் மீண்டவர் மனைவியிடம் சில சொல்லுகிறார். உன்னை விரும்பினோர்க்கும், நீ விரும்பினோர்க்கும், சுற்றத்தார்க்கும் கொடு. நம் பசி தீர அளந்து கடன் தந்தோர்க்கும் கொடு. இன்னார்க்கென்று எண்ணாது, என்னையும் கேளாது எல்லார்க்கும் கொடு என்கிறார். மற்றைச் செய்யுள்களில் வராத அயலவர் ஈண்டே தோன்றுகின்றனர். அவர் வாயில் வாயிலாக அலைந்த காலமெல்லாம் அவர் வீட்டு அடுப்பை அணையவிடாது காத்தவர்கள் அவர்களே. முதல் மாதச் சம்பளத்தில் அயல்வீட்டு அரிசிக் கடனைத் தீர்க்கத் தாய் முந்தானையில் முடிந்துகொண்டு போனதைக் கண்டவர்க்கு இச்செய்யுளுக்கு உரை வேண்டியதில்லை.