எந்தக் கிணற்றிலிருந்து தொடங்குவது?

கணிதக் கல்வியைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று நண்பர்கள் சிலர் கருதக்கூடும். அவர்கள் கருத்தை நான் முற்றாக மறுக்கப் போவதில்லை. ஆனால், எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மொழியொன்றைக் கற்பித்துப் பிழைப்பவன், அவற்றுள் ஒரு கண்ணுக்கு நேர்ந்த குறையைக் கண்டபின்னரும் அஃது என் துறையன்று என ஒதுங்கியிருத்தல் தகாது. அன்றியும், இங்கு நான் ஆராய எடுத்துக்கொண்டவை மூன்று நூல்கள். நூல்களைப் படித்து மதிப்பிடுவது என் தொழிலுக்குப் புறம்பானதன்று.

இக்கட்டுரைக்குக் காரணமான நிகழ்ச்சியை முதலிற் சொல்லிவிடுகிறேன். சாதாரணதர வகுப்பு வரை என்னிடம் தமிழ் படித்த மாணவனொருவன் இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். கணிதமும் புள்ளிவிபரவியலும் அவனது பாடங்கள். விடுமுறையில் ஊருக்கு வந்தவனிடம் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தார் ஒரு வேலையை ஒப்படைத்தனர். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்பது. மழை தருவதிலும் அதிகமாக நாம் இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். கோடையில் எங்கள் ஊரில் எத்தனை கிணறுகள் அவ்வாறு உவராகின்றன என்று கணித்துத் தரமுடியுமா என்பதே சங்கத்தாரின் கேள்வி. அன்று மாலை அவன் என்னிடம் வந்தான்.

“சேர், மாதிரியின்ரை சராசரி முழுத்தொகுதியின்ரை சராசரிக்குப் பக்கஞ்சாராத மதிப்பீடு எண்டு என்னாலை நிறுவிக்காட்ட ஏலும். ஆனால் எந்தக் கிணத்திலையிருந்து தொடங்கிறதெண்டு தெரியேல்லை.”

அவனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கேள்வி உண்மையிலேயே கடினமானது. வீதியோரமாகச் சென்றால் நீரிறைக்கும் மோட்டார் வைத்திருப்போரின் கிணறுகளே பெரும்பாலும் கணக்கில் வரும். வெளிநாடு சென்றோரின் படலைகள் பூட்டிக் கிடக்கின்றன. வீடழிந்த வளவுகளிலே தூர்ந்துபோன கிணறுகள் உள்ளன. அவை கிணறுகளா, அல்லவா? எதனைக் கிணறு என்று கொள்வது என்பதே முதல் வினாவாகிவிடுகிறது. அவன் படித்த பாடநூலிலோ “ஒரு தொகுதியிலிருந்து எழுமாறாகப் பத்து எண்கள் எடுக்கப்பட்டன” என்று கணக்குத் தொடங்கும். எடுத்தவர் யார், எவ்வாறு எடுத்தார், படலை பூட்டியிருந்தபோது என் செய்தார் என்பன அங்கே இல்லை. செய்முறை வகுப்பு என்ற பெயரில் நடப்பதும், கொடுக்கப்பட்ட எண்களைக் கணினியிலே இட்டு விடைபெறுவதுதான் என்று அவன் சொன்னான்.

இத்தகைய கல்விக்குப் பின்னால் ஒரு மனோபாவம் இருக்கிறது. கையழுக்குப்படாத கணிதமே உயர்ந்த கணிதம் என்பது அது. அம்மனோபாவத்திற்கு மிக அழகிய இலக்கிய வடிவம் தந்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி. எச். ஹார்டி. 1940இல் வெளிவந்த ‘ஒரு கணிதவியலாளனின் தன்விளக்கம்’ என்னும் சிறு நூலை நான் இருமுறை படித்திருக்கிறேன். கணிதவியலாளனும் கவிஞனைப் போல வடிவங்களைப் படைப்பவனே என்ற அவரது வாதம் இலக்கிய மாணவன் எவனையும் கவரவல்லது. தம் படைப்பாற்றல் வற்றிவிட்டதென்று உணர்ந்த முதியவரொருவரின் துயரம் அந்நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் படிந்துள்ளது. தாம் பயனுள்ள எதனையும் செய்ததில்லை என்று அவர் பெருமையோடு கூறுவதற்கும் ஒரு நியாயம் உண்டு. போரை வெறுத்தவர் அவர். பயன்படும் விஞ்ஞானம் குண்டு செய்யப் பயன்பட்ட காலத்தில், பயனின்மை ஒருவகை மாசின்மையாக அவருக்குத் தோன்றிற்று. எண்கோட்பாட்டுக்கும் சார்புக் கோட்பாட்டுக்கும் போர்ப்பயன் எதுவும் காணப்படவில்லை என்று அவர் ஆறுதல் கொண்டார். நூல் வெளிவந்து ஐந்தாண்டுக்குள் ஹிரோஷிமா எரிந்தது. எண்கோட்பாட்டின்மீது அமைந்த ஆர்.எஸ்.ஏ. என்னும் மறைகுறி முறையும் 1977இல் உருவாகிவிட்டது. ஏன், ஹார்டியே 1908இல் ஒரு சிறு கடிதத்தில் எழுதிய பரம்பரையியல் விதி இன்று நம் உயர்தர உயிரியல் மாணவனின் பாடத்தில் அவர் பெயரோடு நிற்கிறது. மாசின்மையைத் தேடி ஒதுங்கியவரை உலகம் ஒதுங்கவிடவில்லை.

ஆயினும் அவரிடம் நான் காணும் பெருங்குறை இதுவன்று. தூய கணிதமும் கையால் உழைத்தே கண்டறியப்படுகிறது என்ற செய்தி அந்நூலிலே போதிய அழுத்தம் பெறவில்லை. இராமானுஜனோடு கூடி உழைத்தவர் அதனை நன்கு அறிந்திருந்தார். 4 என்ற எண்ணை முழு எண்களின் கூட்டலாக 5 வகையில் எழுதலாம். 9ஐ 30 வகையில். 14ஐ 135 வகையில். இவ்வாறு 1 முதல் 200 வரையுள்ள எண்கள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை வகை என்று மக்மேஹன் என்பார் கையாற் கணித்து அட்டவணை செய்தார். அந்த அட்டவணையைப் பார்த்தே, 4, 9, 14 என ஐந்தைந்தாக ஏறும் எண்களுக்கு வகைகளின் தொகை ஐந்தால் மீதியின்றி வகுபடுவதை இராமானுஜன் கண்டார். நிறுவல் பின்னர் வந்தது. இராமானுஜனைத் தெய்வத்தின் கொடை என்று மேடைகளிற் புகழும் நாம், சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்த உழைப்பைப் பேசுவதில்லை.

ஹார்டிக்கு நேர்மாறான நூல் லான்சிலொட் ஹொக்பென் 1936இல் வெளியிட்ட ‘இலட்சோப இலட்சம் மக்களுக்குக் கணிதம்’. நிலமளத்தல், கப்பலோட்டுதல், வரிவாங்குதல் ஆகிய சமூகத் தேவைகளிலிருந்தே கணிதம் வளர்ந்தது என்று நிறுவ முயல்வது அது. வாசகனைப் பென்சிலும் தாளும் எடுக்கச் செய்யும் ஆற்றல் அதற்குண்டு. ஆனால் பயனில்லாத அழகெல்லாம் சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என்ற தொனி அதில் அடிக்கடி தலைகாட்டுகிறது. இலக்கியத்தில் இதே தவற்றை நம்மவர் சிலர் செய்யக் கண்டிருக்கிறோம். இங்கு விரித்தல் வேண்டா.

நம்முடைய ‘கணக்கதிகார’மும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளை அறிய அதிலே ஒரு வழி சொல்லப்படுகிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்கவேண்டும். இதைப் பழந்தமிழரின் விஞ்ஞானம் என்று வியந்து எழுதியவர்கள் பலர். வெட்டி எண்ணிப் பார்த்தவர் எத்தனைபேர்? சென்ற வருடம் என் வகுப்பில் மூன்று பழங்களை வெட்டினோம். ஒன்றில் விடை ஏறக்குறையச் சரி. மற்ற இரண்டிலும் பெருந்தவறு. எது ‘காம்பைச் சுற்றிய’ முள் என்பதிலேயே மாணவரிடையே சண்டை வந்தது. மூன்று பழத்தை வைத்து நூலைப் பொய்யென்று சொல்லலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். அன்றைய தமிழ்ப் பாடம் நடைபெறாததற்கு நான் வருந்தவில்லை.

மூன்றாவது நூல் சி. ஆர். ராவ் எழுதிய ‘புள்ளிவிபரமும் உண்மையும்’. ராவ் (1920 - 2023) கல்கத்தாவில் மகலனோபிஸிடம் பயின்று வளர்ந்தவர். பௌதிகப் பேராசிரியரான மகலனோபிஸ், பிரசிடென்சிக் கல்லூரியின் ஓரறையில் தொடங்கிய புள்ளிவிபர ஆய்வுகூடமே 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளிவிபர நிறுவனமாக உருவெடுத்தது. இளைஞர்களை அவர் கரும்பலகையின் முன்னால் மட்டும் இருத்தி வைக்கவில்லை. வங்காளத்தில் சணல் எவ்வளவு நிலத்திற் பயிராகிறது என்பதை அறிய 1937இல் தொடங்கிய ஆய்வில், கிராம வரைபடத்தில் எழுமாறாக விழுந்த துண்டு நிலத்தைத் தேடி வயலிலே நடக்கவேண்டியிருந்தது. நடப்பவனும் பிழை செய்வான் என்பதை அறிந்த மகலனோபிஸ், ஒரே பகுதியிலிருந்து இரு தனி மாதிரிகளை எடுத்து, ஒருவர் குறிப்பை மற்றவர் காணாதவாறு இரு குழுவினரை அனுப்பி, இரு விடைகளையும் ஒப்பிட்டார். வேறுபாடு எவ்வளவு என்பதே அவருக்கு ஒரு பாடமாயிற்று. வயலுக்குப் போகாதவனுக்கு இந்த முறை தோன்றியிருக்குமா?

1943இன் பஞ்சம் வங்காளத்தைச் சூறையாடியபின் அதே நிறுவனத்தார் கிராமங்களுக்குச் சென்று, எந்தத் தொழில் செய்தோர் வறியராயினர், எவர் நெல்வயலை விற்றனர் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டுப் பதிந்தனர். 1946இல் வெளியான அவ்வறிக்கையை அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட தமது பஞ்ச ஆய்வு நூலில் எடுத்தாண்டார். கூலி உழவரும் மீனவரும் பிறரைவிடக் கடுமையாக அழிந்தனர் என்பது அந்தக் கணக்கிலிருந்து தெரியவந்தது. எவரும் போய்க் கேட்டிராவிடின், பஞ்சம் எல்லாரையும் ஒன்றுபோலத் தாக்கிற்று என்று இன்று எழுதியிருப்பார்கள்.

ராவின் நூலில் என்னைப் பெரிதும் கவர்ந்தது ஒரு சிறு சம்பவம். 1947இல், பிரிவினைக் கலவரத்தின்போது, டெல்லிச் செங்கோட்டையில் பெருந்தொகையான மக்கள் அடைக்கலம் புகுந்திருந்தனர். அவர்கள் எத்தனைபேர் என்று அரசுக்குத் தெரியாது. உணவு வழங்கிய ஒப்பந்தகாரர்களோ பெருந்தொகைக்குக் கணக்குக் காட்டினர். உள்ளே சென்று எண்ண இயலாத நிலையில், புள்ளிவிபரவியலாளர் பட்டியல்களை மட்டும் கேட்டு வாங்கினர். ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு அரிசி, பருப்பு, உப்பு செல்லும் என்பது முன்னைய ஆய்வுகளால் தெரியும். அரிசிக் கணக்கை வகுத்தால் ஒரு தொகை. உப்புக் கணக்கை வகுத்தால் அதனிலும் மிகக் குறைந்த தொகை. விலை மலிந்த உப்பில் களவெடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆகவே உப்பு உண்மை பேசிற்று. ஹுமாயூன் கல்லறையில் தங்கியிருந்தோரின் தொகையோடு இதே முறையை ஒப்பிட்டுச் சரிபார்த்தும் கொண்டனர். நிகழ்தகவுத் தேற்றம் எதுவும் இங்கே வேண்டியிருக்கவில்லை. குடும்பங்களின் செலவை வீடுவீடாகக் கேட்டறிந்த அனுபவமும், ஒப்பந்தகாரனின் மனத்தை அறிந்த அறிவுமே வேண்டியிருந்தன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. கையால் அளந்தால் மட்டும் கல்வி மக்கள்பக்கம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இலண்டனில் கார்ல் பியர்சனின் ஆய்வுகூடத்தில் அளத்தலுக்குக் குறைவே இருக்கவில்லை. 1925இல் பியர்சனும் அவரது உதவியாளரும் இலண்டனில் குடியேறிய யூதச் சிறுவரை அளந்த அளவுகளை ஆராய்ந்து, அச்சமூகம் தாழ்ந்ததென்ற முடிவை வெளியிட்டனர். அளவுகோல் நுட்பமானது, கேள்வியே நஞ்சூறியது. இலண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரி 2020இல்தான் அவருடைய பெயரைத் தன் கட்டடத்திலிருந்து நீக்கிற்று. இன்று நம் பல்கலைக்கழகத் துறைகள் சிலவற்றில் மாணவரைச் சில மாதம் வங்கிக்கோ காப்புறுதிக் கம்பனிக்கோ அனுப்பும் வழக்கம் உண்டு. அதனைப் பழிப்பவன் அல்லன் நான். வேலை தேடவேண்டிய பிள்ளைகள் அவர்கள். ஆனால் அங்கே கேள்வி எப்போதும் பிறருடையது: யார் கடனைத் திருப்பிக் கட்டமாட்டான், யார் எதை வாங்குவான் என்பதே. கணக்கின் விடை எவரைத் தாக்குமோ அவருடைய முகத்தை மாணவன் பார்க்க நேர்வதில்லை. கிராமத்துக் கிணறுகளைக் கணித்தவனோ, அடுத்த நாள் அதே ஒழுங்கையால் நடந்து போகவேண்டியவன்.

எண்ணப்படாமல் இருப்பதன் பொருளை நாம் அனுபவத்தால் அறிவோம். இந்நாட்டில் 1871 முதல் தொகைமதிப்பு நடைபெற்று வந்தது. 1981க்குப்பின் பத்தாண்டு கழித்து வரவேண்டியது வரவில்லை. 2001இல் 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே அது முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழும் விடுபட்டன. 2012இல்தான் நாடு முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது. முப்பத்தொரு வருட காலம் நம்மைப்பற்றிக் கூறப்பட்ட தொகைகள் பெரும்பாலும் ஊகங்களே. அந்தக் காலத்திலும் நம் பாடசாலைகள் கணிதத்தில் அதிவிசேட சித்திகளைப் பெற்றுக்கொண்டேயிருந்தன. அவற்றை நாமும் பத்திரிகையிற் படம்போட்டு மகிழ்ந்தோம்.

அந்த மாணவனுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. ராவின் நூலை இரவல் கொடுத்தேன். கிராம சேவையாளரிடமிருந்து வளவுகளின் பட்டியலைப் பெற்று, சீட்டுக் குலுக்கி அறுபது வளவுகளைத் தெரிந்தெடுத்தான். பாடசாலையிலிருந்து நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவியொன்றை வாங்கிக் கொடுத்தோம். முப்பது வளவுகளுக்கு அவனும் நண்பனும், மீதி முப்பதுக்கு என் வகுப்புப் பிள்ளைகள் இருவரும் சென்றனர். பூட்டிய படலைகளுக்கு மும்முறை போனார்கள்.

நேற்று இரண்டு கொப்பிகளும் என் மேசைக்கு வந்தன. உவர்க்கிணறுகளின் விகிதம் இரண்டிலும் ஒத்துவரவில்லை. அவனுடைய கொப்பியில் கூட, பிள்ளைகளுடையதில் குறைய. இந்த வேறுபாடு தற்செயலாய் வரக்கூடிய அளவுதானா என்று சோதிக்கும் சூத்திரம் அவனுக்குத் தெரியும். அதைச் செய்தும் பார்த்துவிட்டான். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, மோட்டாரை ஓடவிட்டபின் தண்ணீர் அள்ளினீர்களா, ஓடவிடுமுன் அள்ளினீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.