எட்டு வந்தும் நிற்காத ஸ்கிரிப்ட்

ஒரகடம் பக்கத்து உதிரிபாக ஆலை ஒன்றில் ஐடி குழுவுக்குப் பரிசு கொடுத்தார்கள். எஸ்ஏபி டெவலப்மென்ட் சிஸ்டத்திலிருந்து புரொடக்‌ஷனுக்கு மாற்றங்களை ஏற்றும் இம்போர்ட் வேலையை முழுக்க ஸ்கிரிப்டில் போட்டு, ராத்திரியில் யாரும் கண்விழிக்க வேண்டாம் என்று ஆக்கியதற்காக. மேடையில் அடுக்கிய பெருமைகளில் ஒன்று என்னை உறுத்தியது. டிரான்ஸ்போர்ட் ரிக்வெஸ்ட் என்ற மாற்றப் பொட்டலங்களில் ஒன்று தோற்றாலும் ஸ்கிரிப்ட் நிற்காதாம். அடுத்ததற்குப் போய்விடுமாம். காலையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மெயில் வருமாம். இதற்குத்தான் பலத்த கைதட்டல். ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி வல்லம் வழியாக ஒரகடம் வரை, நான் வேலை பார்த்த இடங்களில் இதையே நல்ல பழக்கம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டபோதெல்லாம் மறுத்தும் இருக்கிறேன்.

ஸ்கிரிப்டே கூடாது என்பது என் கட்சி அல்ல. புதிய அமைப்புக்கு மாறும் கட்-ஓவர் இரவில் முந்நூறு ரிக்வெஸ்டைக் கையால் அனுப்புகிறவர் இரண்டு மணிக்கு மேல் வரிசையை மாற்றிவிடுவார், ஸ்கிரிப்ட் மாற்றாது. 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. 22-ஆம் தேதி முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் 18 சதவீதம். நடுவில் பத்தொன்பதே நாள். அத்தனை வரி மாற்றங்களையும் ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றியிருந்தால் திணறிப்போயிருப்போம். டேட்டாபேஸ் லாக் விழுந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி முயலும் ஸ்கிரிப்ட், எரிச்சலில் இருக்கிற மனிதனைவிட நிதானமானதுதான். இதெல்லாம் சரி.

எனக்குப் பிரச்சினை ஒன்றே ஒன்று: எட்டு வந்த பிறகும் ஓடுவது.

டிபி என்ற இம்போர்ட் கருவி ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் சுத்தம். 4 என்றால் எச்சரிக்கை. 8 என்றால் பிழை. ரிக்வெஸ்டில் இருந்த ஏதோ ஒன்று போய்ச் சேரவில்லை. 12 என்றால் வேலையே முறிந்துவிட்டது. நம்மூர் ஸ்கிரிப்டுகளில் பெரும்பாலும் 12-க்கு மட்டும்தான் தடுப்பு இருக்கிறது. கேட்டால், கருவியிலேயே 'ஸ்டாப்ஆன்எரர்' என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 9 தானே, எட்டுக்கு எஸ்ஏபியே நிற்பதில்லையே என்கிறார்கள். அந்த அமைப்பு ஓர் ஓட்டத்துக்கு உள்ளே டிபி என்ன செய்ய வேண்டும் என்பதற்கானது. ஓட்டம் முடிந்து எட்டு என்ற எண்ணை அது வெளியே நீட்டுவது, கூப்பிட்டவர் பார்த்து முடிவெடுக்கட்டும் என்பதற்காக. அந்த இடத்தில் ஆள் இல்லாமல் ஸ்கிரிப்டை உட்கார வைத்தோம். அதற்கும் பார்க்கச் சொல்லித்தரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு இரவு 39 ரிக்வெஸ்ட் வரிசையில் நின்றன. நான்காவதில் இன்வாய்ஸ் எண்ணைக் கணக்கிடும் ஒரு ஃபங்ஷனின் புதிய வடிவம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஏதோ அவசரத்தில் அதே ஃபங்ஷனை யாரோ நேராகப் புரொடக்‌ஷனிலேயே திருத்தி, அந்த ரிப்பேரை ரிலீஸ் செய்யாமல் விட்டிருந்தார்கள். திருத்தம் உறுதியாகாத பொருளின் மேல் டிபி இயல்பாக எழுதாது. எழுதவில்லை, எட்டு என்றது. ஸ்கிரிப்ட் ஐந்தாவதற்குப் போனது. பதினொன்றாவதில் இன்வாய்ஸ் புரோகிராம் வந்தது. அது அந்த ஃபங்ஷனைப் புதிதாக ஒரு பாராமீட்டர் கொடுத்துக் கூப்பிடுகிறது. கூப்பிடப்படும் ஃபங்ஷனுக்கு அந்தப் பாராமீட்டர் உண்டா இல்லையா என்று இம்போர்ட் நேரத்தில் யாரும் சோதிப்பதில்லை. ஆகவே அதற்கு 0. மிச்சமும் சுத்தம். விடியற்காலை 2.40-க்கு மெயில் போயிற்று: 39-ல் 38 வெற்றி.

ஆறு மணி ஷிப்டில் முதல் இன்வாய்ஸ் போட்டார்கள். புரோகிராம் பாதியில் முறிந்தது. டம்ப். மறுபடி போட்டார்கள். மறுபடி டம்ப். இன்வாய்ஸ் இல்லாமல் இ-வே பில் இல்லை. இ-வே பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்ட முடியாது. வாங்கும் கார் ஆலையோ மணிக்கணக்குச் சரக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது. ஏழு லாரி கேட்டில் நிற்க, டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் என் போனுக்கு அடித்தபடி இருந்தார். "சார், சிஸ்டம் ராத்திரி நல்லாத்தானே இருந்துச்சு?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த மெயிலைத் திறந்தபோது மணி ஒன்பதே கால்.

அன்றைக்கு நான்காவதிலேயே ஸ்கிரிப்ட் நின்றிருந்தால்? பழைய புரோகிராம் பழைய ஃபங்ஷனைக் கூப்பிட்டிருக்கும். இன்வாய்ஸ் வந்திருக்கும். லாரி போயிருக்கும். ஆலைக்கு எந்தச் சேதமும் இல்லை; 35 ரிக்வெஸ்ட் ஒரு நாள் காத்திருக்கும், அவ்வளவுதான். பாதியில் நிறுத்தினால் சிஸ்டம் பாதி மாறி நிற்குமே என்கிறார்கள். ரிலீஸ் ஆன வரிசையில் ஏற்றினால் முதல் மூன்றும் பின்னால் வருவதை நம்பியிருக்காது. பின்னால் வருவதுதான் முன்னால் போனதை நம்பியிருக்கும். அதனால் ஓடிக்கொண்டே இருப்பதுதான் சிஸ்டத்தைப் பாதியாக்குகிறது; அதுவும் எங்கே பிளந்தது என்று தெரியாமல். ஏற்றிய டிரான்ஸ்போர்ட்டைத் திரும்ப இறக்க டிபியில் வழி கிடையாது. புதிதாக ஒன்றைச் செய்து மேலே ஏற்றித்தான் சரிசெய்ய வேண்டும். திரும்பி வர வழியில்லாத பாதையில் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவதை எப்படி ஒப்புக்கொள்வது?

இதில் இன்னொரு சங்கடம். பல ஸ்கிரிப்டுகளுக்கு அந்த எட்டே எட்டுவதில்லை. டிபி கட்டளையின் வெளியீட்டைத் திரையிலும் லாக் ஃபைலிலும் சேர்த்து எழுத, பைப் போட்டு 'டீ'க்கு அனுப்புவார்கள். அடுத்த வரியில் ஷெல்லிடம் முடிவு எண்ணைக் கேட்டால், பைப்பில் கடைசியாக இருக்கும் 'டீ'யின் எண்ணைத்தான் தரும். 'டீ' எழுதும் வேலையைச் சரியாக முடித்ததால் 0. 'பைப்ஃபெயில்' என்று ஒரு வரி மேலே சேர்த்தால் தீரும். அந்த ஒரு வரி இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடிய ஸ்கிரிப்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதன் மெயில்கள் அனைத்தும் முழு வெற்றி.

மெயில் போகிறதே, அது போதாதா என்பதுதான் கடைசியாக வரும் வாதம். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வணிக நிறுவனத்தில், எட்டு சர்வர்களில் ஒன்றுக்குப் புதிய கோட் போகாமல் விடுபட்டது. சந்தை திறக்கும் முன்பே அதன் சிஸ்டம் அந்தக் கோளாறைச் சுட்டி 97 மெயில் அனுப்பியது. யாரும் அதை எச்சரிக்கையாக எடுக்கவில்லை. சந்தை திறந்து 45 நிமிடத்தில் அது அனுப்பித் தள்ளிய ஆர்டர்களால் 460 மில்லியன் டாலருக்கு மேல் நட்டம். மெயில் என்பது படிக்கிறவர் விழித்திருந்தால் மட்டுமே எச்சரிக்கை. நாமோ ஆள் விழித்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தானே இதைக் கட்டினோம்?

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், இதே ஆலைகளின் ஷாப்ஃப்ளோரில் இந்தப் பாடம் ஊறிக் கிடக்கிறது. தவறு கண்ட தொழிலாளி ஆண்டன் கயிற்றை இழுக்கலாம், லைன் நிற்கும், மேலாளர் ஓடி வருவார். டொயோட்டா உலகத்துக்குக் கொடுத்த இந்த வழக்கத்தின் வேர் தறியில் இருக்கிறது. சாகிச்சி டொயோடா 1924-ல் முடித்த தானியங்கித் தறி, பாவில் ஓர் இழை அறுந்தாலே தானாக நின்றுவிடும். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் காஞ்சிபுரம். அங்கே எந்த நெசவாளியாவது இழை அறுந்தது தெரிந்தும் முழுப் புடவை நெய்து முடித்துவிட்டு, எத்தனை இழை போச்சு என்று எண்ணுவாரா? நட்டு முறுக்கும் இடத்தில் லைனை நிறுத்துகிற உரிமையை இருபது வயதுப் பையனுக்குக் கொடுத்திருக்கிறோம். ஆலையின் கணக்கு, சரக்கு, கேட் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் மாற்றம் ஏறும்போது அந்த உரிமை ஒருவருக்கும் இல்லை.

அந்த லாரி விவகாரத்துக்குப் பிறகு எங்கள் ஸ்கிரிப்டில் மூன்றைச் சேர்த்தோம். 8 வந்தால் நிற்கும். நின்றால் மெயில் அல்ல, அன்றைய பொறுப்பாளரின் கைபேசிக்கு அழைப்பு போகும். 4 வந்தால், தெரிந்த எச்சரிக்கைப் பட்டியலில் இருந்தால் மட்டுமே மேலே போகும். இரண்டாம் மாதமே ஒரு நள்ளிரவில் பதினான்காவது ரிக்வெஸ்டில் அது நின்றது. பேசிஸ் என்ற சிஸ்டம் நிர்வாக வேலைக்கு அப்போதுதான் சேர்ந்திருந்த தம்பி எழுந்து லாகைப் பார்த்தார். ரிலீஸ் ஆகாத இன்னொரு ரிப்பேர். எழுதிய டெவலப்பரை எழுப்பிக் கேட்டுச் சரிசெய்து, மிச்சத்தை ஓட்டிவிட்டு மூன்றரைக்குப் படுத்தார். மறுநாள் மேலாளர் என்னிடம் கேட்டது, ராத்திரி ஆளை எழுப்பாமல் இருக்க வழியே இல்லையா என்பதுதான். இல்லை என்றேன்.