வயலின்கள் விலகும் இடம்

யோஹான் செபாஸ்டியன் பாக் இசையமைத்த 'மத்தேயு பாடுகள்' ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். அதில் ஒரு சில நொடிகளுக்காகவே நான் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கேட்கிறேன்.

சுவிசேஷகராகப் பாடுகிறவர் கதை சொல்லும்போது துணைக்கு ஆர்கனும் செல்லோவும் மட்டும்தான். இயேசு பேசத் தொடங்கியதும் வயலின்களும் வயோலாவும் மெல்ல எழுந்து அந்தக் குரலைச் சூழ்ந்துகொள்கின்றன. படங்களில் அவர் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைவார்களே, அதை பாக் ஒலியால் வரைந்துவிட்டார். பெத்தானியாவில், பஸ்கா பந்தியில், கெத்செமனேயில், பிரதான ஆசாரியன் முன்னால் என்று அந்த ஒளி கூடவே வருகிறது. நமக்கும் அது பழகிப்போகிறது.

பிறகு சிலுவை. தேவன் தன்னை ஏன் கைவிட்டார் என்று அவர் கதறும்போது வயலின்கள் இல்லை. எந்த மனிதனின் குரலையும்போல அந்தக் குரல் வெறுமையாக நிற்கிறது. உடனே சுவிசேஷகர் அதே மெட்டை உயர்த்தி எடுத்து, கதறலின் பொருளை ஜெர்மன் மொழியில் சொல்கிறார். அவருக்கும் அதே ஆர்கன், அதே செல்லோ. கைவிடப்பட்டது நிஜம், பாவனை அல்ல என்பதை ஒரு பிரசங்கியார் அரை மணி நேரம் விளக்கக்கூடும். பாக் சில வாத்தியங்களை நிறுத்தினார், அவ்வளவுதான்.

1723-ல் லைப்சிக் நகரசபை அவரை வேலைக்கு எடுத்தபோது, ஆலய இசையில் நாடகமேடைச் சாயல் வரக் கூடாது, அது கேட்பவர்களைப் பக்திக்குத் தூண்ட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டது. கலைஞனுக்கு விலங்கு என்றுதான் தோன்றும். ஆனால் பந்திக் காட்சியைக் கேளுங்கள். காட்டிக்கொடுக்கப்போவது தானா என்று சீடர்கள் பதறிக் கேட்கும் கேள்வி, குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழ, சரியாகப் பதினொரு முறை வருகிறது. யூதாஸ் அதில் சேரவில்லை. அவன் பிறகு தனியாகக் கேட்பான். இயேசு பதில் சொல்வதற்கு முன்பே ஒரு ஞானப்பாட்டு குறுக்கிட்டு, குற்றவாளி நானே என்று ஒப்புக்கொள்கிறது. எவ்வளவு நாடகத்தன்மை! ஆனால் விரல் கோயிலில் உட்கார்ந்திருப்பவனை நோக்கி நீள்கிறது.

ஐந்து முறை திரும்பி வரும் இன்னொரு ஞானப்பாட்டு மெட்டு, 1601-ல் ஹாஸ்லர் என்ற இசையமைப்பாளர் காதல் பாட்டுக்காகப் போட்டது. பெரிய வெள்ளியன்று நம் ஊர் ஆலயங்களிலும் பாமாலையிலிருந்து அதைப் பாடுகிறோம். இயேசு உயிர்விட்டதும் கடைசி முறையாக வரும்போது மெட்டு மாறுவதில்லை. அடியில் ஓடும் சுரங்கள்தான் அரை அரைச் சுரமாக நகர்ந்து இருளுகின்றன. தெரிந்த பாட்டு என்று சேர்ந்து முணுமுணுக்கப் போனவனுக்குத் தொண்டை அடைக்கும்.

1736-ல் பாக் 'மத்தேயு பாடுகளை'த் தன் கையால் சுத்தப் பிரதி எடுத்தார். வேத வசனங்களைச் சிவப்பு மையில் எழுதினார். வயலின்கள் துணைக்கு வராத அந்தக் கதறலும் அதில் சிவப்பாகத்தான் இருக்கிறது.