சுருங்க மறுக்கும் பெயிண்ட்

ஜப்பானின் ஷிஸுவோகா நகரில் இயங்கும் தமியா நிறுவனம், 1976-இல் போர்ஷே 934 பந்தயக் காரை 1/12 அளவில் பிளாஸ்டிக் கிட்டாகக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்த காலத்தில் அந்நிறுவனத்தின் ஷுன்ஸாகு தமியா செய்த காரியத்தை மாடல் கட்டுபவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். ஜெர்மனிக்குப் போய் எடுத்துவந்த படங்கள் போதவில்லை. உடனே அசல் போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி, நட்டு போல்ட் வரைக்கும் கழற்றி அளந்துவிட்டார்கள். கழற்றியதைத் திரும்பப் பூட்டுவதற்குப் போர்ஷே பொறியாளர்களே வர வேண்டியிருந்தது. இதற்கான செலவு சாதாரணமானதல்ல. அதை ஈடுகட்ட, அதே உடலுக்குள் மோட்டாரை வைத்து ரேடியோ கன்ட்ரோல் காராகவும் விற்றார்கள். தமியாவின் ரேடியோ கன்ட்ரோல் கார்களுக்கு அதுதான் தொடக்கம்.

1946-இல் மரக்கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. ஷிஸுவோகா மரவேலைக்குப் பேர்போன ஊர். மர மாடல்கள் அங்கே பிறந்தது இயல்பான நகர்வு. 1960-இல் யமாட்டோ போர்க்கப்பலோடு தமியா பிளாஸ்டிக்குக்கு மாறியது. அக்கம்பக்கத்தில் அவோஷிமா, ஃபுஜிமி, ஹஸெகாவா என்று மற்ற நிறுவனங்களும் வளர்ந்தன. ஆண்டுதோறும் மே மாதம் அங்கே நடக்கும் ஹாபி ஷோவில், நிறுவனங்களின் புதுவரவுகளோடு மாடல் குழுக்கள் கட்டிக் கொண்டுவந்தவையும் மேசை மேசையாகப் பரப்பி வைக்கப்படுகின்றன.

கிட்டின் பெட்டியைத் திறந்தால், பாகங்கள் எல்லாம் பாலிஸ்டைரீன் சட்டங்களில் ஒட்டியபடியே இருக்கும். கட்டுபவர்கள் அந்தச் சட்டத்தை ஸ்ப்ரூ என்பார்கள். எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தப்பட்ட பிளாஸ்டிக், உருகிய நிலையில் ஓடிவந்த வாய்க்கால்கள் அவை. நிப்பரால் வெட்டியெடுக்கும் ஒவ்வொரு பாகத்திலும் அச்சின் தடயம் இருக்கும்: இரு பாதிகள் சந்தித்த இடத்தில் மெல்லிய கோடு, பாகத்தை வெளியே தள்ளிய ஊசியின் வட்டத் தழும்பு, கனமான இடத்தில் பிளாஸ்டிக் ஆறும்போது உள்வாங்கிய குழி. நல்ல கிட்டில் இவை கண்ணில் படாத பக்கத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். காரின் தோள் வளைவில் ஓட வேண்டிய அச்சுக்கோட்டை ஒரு கதவு விளிம்போடு சேர்த்து மறைத்த கைக்காரர் யாரென்று தெரியாது. ஆனால் கிட்டைப் பிரித்துப் பார்க்கும்போது முதல் மரியாதை அவருக்குத்தான் போகிறது.

ஒட்டுவதும் ரசிக்கத்தக்க வேலை. அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும் கலந்த மெல்லிய திரவத்துக்குப் பெயர்தான் பசை. அது செய்வது கரைப்பானின் வேலை. இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியால் இடுக்கைத் தொட்டால் போதும். திரவம் தானாகவே இடுக்கு நெடுக ஓடி, இரு விளிம்புகளையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். ஜன்னல் கண்ணாடிகளுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். சூப்பர் குளூவின் ஆவி பட்டால், தெளிந்த பிளாஸ்டிக்கில் வெண்புகை படிந்துவிடும்.

கார் மாடல்களில் அதிகம் புழங்கும் அளவு 1/24. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற எளிய கணக்கு. அமெரிக்காவில் 1/25-உம் பரவலாக உண்டு. ஏஎம்டி போன்ற நிறுவனங்கள் கார் விற்பனையாளர்களுக்காகச் செய்த விளம்பர மாடல்களிலிருந்து வந்த மரபு அது. 4 மீட்டர் நீளமுள்ள கார் 1/24-இல் 17 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, கையில் அடங்கும் பொருளாகிறது.

அளவைச் சுருக்குவது அச்சு செய்பவரின் வேலை. கட்டுபவரின் வேலை, சுருங்க மறுப்பவற்றைச் சமாளிப்பது. அவற்றில் முதலாவது பெயிண்ட்.

அசல் காரின் மேலிருக்கும் பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம். 1/24 அளவுக்கு அது 0.004 மில்லிமீட்டராக வேண்டும். யாராலும் அப்படிப் பூச முடியாது. பிரைமர், நிறம், மேலே கிளியர் கோட் என்று அடுக்கினால் மாடலிலும் எளிதாக 0.1 மில்லிமீட்டரைத் தொட்டுவிடும். அதை அசல் காருக்குப் பெருக்கிப் பாருங்கள்: 2.4 மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயிண்டை அப்பிய கார். அதனால்தான் தேர்ந்தவர்கள் லாக்கர் பெயிண்டை நன்றாக நீர்க்கக் கரைத்து, ஏர்பிரஷ்ஷால் பனிபோல் மெல்லிய பூச்சுகளாகப் பூசுகிறார்கள். பெயிண்ட் அடிக்கும் முன்பே கதவு, பானட் கோடுகளை ஊசிமுனைக் கருவியால் ஆழப்படுத்தவும் செய்கிறார்கள். அசல் காரில் 4 மில்லிமீட்டர் இருக்கும் கதவிடுக்கு, மாடலில் 0.17 மில்லிமீட்டர்தான். ஆழப்படுத்தாவிட்டால் பெயிண்ட் அதை நிரப்பி, திறக்க முடியாத கதவாக்கிவிடும்.

வெள்ளி மினுக்கும் மெட்டாலிக் நிறத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. பெயிண்டுக்குள் மிதக்கும் அலுமினியத் துகள் 20 மைக்ரான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 24 மடங்கில் அது கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். அசல் காரின் உலோகப் பொலிவு போய், ஜிகினா தூவியதுபோல் ஆகிவிடும். துகள் மிக நுண்ணியதாக இருக்கும் மாடல் பெயிண்டைத் தேடிப் பிடிப்பது அதற்காகத்தான்.

கிளியர் கோட் காய்ந்தபின் 2000, 3000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு பாலிஷ் போடுவார்கள். விளிம்புகளில் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும். அங்கே ஒரு தேய்ப்பு கூடினாலும் கீழிருக்கும் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். தடித்த கிளியர் கோட்டில் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் கார்களுக்குக் கண்காட்சிகளில் கூட்டம் சேர்வது உண்மை. ஆனால் பாகில் முக்கியெடுத்த பண்டம்போல், ஓரங்களெல்லாம் உருண்டு மழுங்கிய அந்தக் கார்களைவிட, பளபளப்பு ஒரு மாற்றுக் குறைந்தாலும் விளிம்புகள் கூர்மையாக நிற்கும் காரே மேலானது. 1960-களின் கார் என்றால் இன்னும் அடக்கம் வேண்டும். அன்றைய பெயிண்ட் அசலிலேயே இன்றைய அளவுக்கு மின்னியதில்லை.

ஜன்னலைச் சுற்றி ஓடும் குரோம் பட்டைக்கு, பின்புறம் பசையுள்ள மெல்லிய உலோகத் தாள் கிடைக்கிறது. பட்டையின் மேல் அதைப் படிய வைத்து, பல்குச்சியால் நீவி, புதுப் பிளேடால் ஓரத்தை வெட்டி எடுப்பார்கள். வண்ணத்தால் தீட்டிய எந்தக் குரோமும் இதற்கு ஈடாகாது. வெட்டும் கை நடுங்கினால் பெயிண்டில் கீறல் விழும் என்பதால், உடல் முடிந்தபின் செய்யும் இந்த வேலைதான் பலருக்கும் மூச்சை அடக்கும் கட்டம்.

கார் முடிந்துவிட்டது என்றால் அடுத்தது கேமரா. இங்கே சுருங்க மறுப்பது பார்ப்பவரின் கண்ணும் ஒளியும்.

நின்று பார்க்கும் ஒருவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், 1/24 உலகத்தில் அது 6.7 சென்டிமீட்டர். மேசைக்கு மேலே குனிந்து எடுத்த படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மாடியிலிருந்து எடுத்த படமாகவே தெரியும். லென்ஸ் மேசையோடு ஒட்டித் தாழ வேண்டும். செல்போனைத் தலைகீழாகப் பிடித்தால் இது சுலபம். தெருவில் 8 மீட்டர் தள்ளி நின்று காரைப் பார்ப்பதற்குச் சமமான தூரம் இங்கே 33 சென்டிமீட்டர். அவ்வளவு பக்கத்தில் போனால் முன்பக்க விளக்கு துலங்கும், பின்பக்கம் மங்கும். அந்த மங்கல்தான் பொம்மையைக் காட்டிக்கொடுக்கிறது. அப்பர்ச்சரை எஃப்/16 வரை குறுக்குவது ஒரு வழி. அதற்கு மேல் போனால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுக்கவே கூர்மை குறையும். இன்னொரு வழி, ஃபோகஸை முன்னிருந்து பின்னாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக்குவது.

ஒளியில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டுடியோவில் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள மென்ஒளிப் பெட்டியைக் காருக்கு மேலே வைத்தால், மாடலின் கணக்கில் அது 14 மீட்டரைத் தாண்டும் ஒளிக்கூரை. கார் விளம்பரங்களுக்கு அசல் காரைப் படமெடுப்பவர்களும் காரைவிடப் பெரிய ஒளிப்பலகையைத்தான் மேலே தொங்கவிடுகிறார்கள். ஆக, சாதாரண மேசையிலேயே பெரிய ஸ்டுடியோ கிடைத்துவிடுகிறது. வெளியில் எடுத்தால் சூரியன் அதைவிடச் சலுகை தருகிறது: பெரிய காருக்கும் சின்னக் காருக்கும் வானத்தில் அது ஒரே அளவுதான், நிழலின் விளிம்பு மங்கலும் அளவுக்கேற்பவே சுருங்கிவிடும்.

வெளிச்சத்தின் இந்தச் சலுகையை முழுதாகப் பயன்படுத்தியவர் அமெரிக்காவின் மைக்கேல் பால் ஸ்மித். எல்ஜின் பார்க் என்று 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஒரு கற்பனை ஊரை 1/24 அளவில் உருவாக்கினார். அவரது கார்கள் பெரும்பாலும் உலோக வார்ப்பு மாடல்கள். கட்டடங்கள் அவரே செய்தவை. எல்லாவற்றையும் ஒரு மேசையில் அடுக்கி, வெளியே கொண்டுபோய், தூரத்து மரங்களும் வீடுகளும் மேசையின் விளிம்போடு பொருந்தும் உயரத்தில் நிறுத்துவார். அவ்வளவுதான், பின்னணி முழுக்க அசல். பயன்படுத்தியது சிறிய, எளிய கேமரா. அதன் சிறிய சென்சார் அருகிலும் தொலைவிலும் ஒருசேரக் கூர்மை தந்ததால், விலை உயர்ந்த கேமராவைவிட இந்த வேலைக்கு அதுவே வசதி. 2015-இல் இந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. அவற்றில் ஈரத் தார்ச்சாலையில் நிற்கும் பழைய கார்களைப் பார்ப்பவர்களுக்கு மேசை நினைவுக்கு வருவதே இல்லை.

கேமராவுக்கு ஒரு குணம்: கண் மன்னித்ததை அது மன்னிக்காது. பானட்டில் ஒட்டிய 2 மில்லிமீட்டர் நூல்துணுக்கு, படத்தில் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் கயிறாகக் கிடக்கும். சரியாகத் தேய்க்காத அச்சுக்கோடு, ஓரம் தூக்கிய டீக்கால் ஒட்டுப்படம், கால் மில்லிமீட்டர் சாய்ந்த சக்கரம் எல்லாமே திரையில் பெரிதாகி வந்து நிற்கும். இதனால் இப்போது பலர் கார் முடியும்வரை காத்திருப்பதில்லை. சாம்பல் பிரைமர் காய்ந்ததுமே பக்கவாட்டு வெளிச்சத்தில் நாலைந்து படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். பளபளப்பு இல்லாத அந்தச் சாம்பல் நிறத்தில் வளைவுகளின் உண்மையான வடிவம் தெரிகிறது. பட்டி பார்க்க வேண்டிய குழி எது, இன்னும் தேய்க்க வேண்டிய கோடு எது என்று படத்திலேயே குறித்துக்கொண்டு, உப்புத்தாளோடு திரும்ப உட்காருகிறார்கள்.