தாய்வீடு என்றால் பங்கு உண்டா?

சிப்கோவைப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் ஒரே படம்தான் நினைவில் நிற்கிறது. மலைநாட்டுப் பெண்கள் சிலர் கைகோத்து ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். படத்துக்குக் கீழே, பெண்ணும் இயற்கையும் ஒன்று என்கிற தொனியில் ஒரு வரி இருக்கும். சுற்றுச்சூழல் தினச் சுவரொட்டிகளிலும் கட்டுரைப் போட்டிகளிலும் கருத்தரங்க மேடைகளிலும் அந்தப் படம் ஐம்பது ஆண்டுகளாக வலம் வருகிறது. எனக்குச் சண்டை அந்தப் படத்தோடுதான், அந்தப் பெண்களோடு அல்ல.

1974 மார்ச் 26. உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் ரேணி கிராமம். 1962 போருக்குப் பிறகு ராணுவம் எடுத்துக்கொண்ட நிலங்களுக்கு இழப்பீடு தருவதாகச் சொல்லி ஊர் ஆண்களைச் சமோலிக்கு வரவழைத்திருந்தார்கள். அந்த நாள் பார்த்து ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கோடரியோடு காட்டுக்குள் போனார்கள். ஊர் மகளிர் மங்கள் தளத்தின் தலைவி கௌரா தேவியும் மற்றப் பெண்களுமாக 27 பேர் போய் மறித்தார்கள். இந்தக் காடு எங்கள் ‘மாய்கா’, அதாவது தாய்வீடு, என்று கௌரா தேவி சொன்னதாக அந்த நாளைப் பற்றிய விவரிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இந்த ஒரு சொல்லை நாம் எப்படி வாசித்தோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கௌரா தேவிக்குத் தாய்வீடு என்பது கஷ்ட காலத்தில் போய் நிற்கும் இடம். விறகும் மாட்டுக்குத் தீவனமும் மூலிகையும் தரும் இடம். மலைச்சரிவில் மரம் போனால் என்ன ஆகும் என்பதை 1970 அலக்நந்தா வெள்ளம் அந்தப் பகுதிக்குக் காட்டியிருந்தது. ரேணிக்கு முந்தைய ஆண்டு, 1973இல், மண்டல் கிராமத்தில் போராட்டம் தொடங்கியதும் பிழைப்பை ஒட்டித்தான். விவசாயக் கருவிகள் செய்ய உள்ளூர்க்காரர்கள் கேட்ட மரத்தை மறுத்துவிட்டு, விளையாட்டுப் பொருள் செய்யும் நிறுவனத்துக்கு வனத்துறை ஒதுக்கியது. ஆக, யாருடைய வயிற்றுக்கு யாருடைய மரம் என்பதே சிப்கோவின் முதல் கேள்வி. நாமோ அதைப் பாசக் கதையாக்கிவிட்டோம்.

வந்தனா சிவாவின் ‘ஸ்டேயிங் அலைவ்’ (1988) சிப்கோவை உலகப் பெண்ணியத்தின் கவனத்துக்குக் கொண்டுபோன நூல். வளர்ச்சி என்ற பெயரில் நடப்பது காட்டின் மீதும் பெண்ணின் மீதும் ஒருசேர நடக்கும் வன்முறை என்று அது சொன்னபோது, பலருக்குக் கண் திறந்தது. அந்தக் கடனை மறுக்க முடியாது. ஆனால் பெண்ணையும் இயற்கையையும் ‘பிரகிருதி’ என்ற ஒரே தத்துவத்தில் கட்டியதில் ஒன்று காணாமல் போயிற்று. எந்தப் பெண்? சொந்த நிலத்தின் வரப்பில் மரம் உள்ளவளும், ஒரு சுள்ளிக்குக்கூடப் பொதுக்காட்டை நம்பியிருப்பவளும் காட்டோடு ஒரே உறவில் இல்லை. 1992இல் பீனா அகர்வால் எழுதிய கட்டுரை இதைத்தான் கேட்டது. காட்டோடு பெண்ணுக்குள்ள உறவு பிறவியிலோ ரத்தத்திலோ வருவதல்ல. யார் எந்த வேலை செய்கிறார்கள், சொத்து யார் கையில் இருக்கிறது, சாதியும் வர்க்கமும் எங்கே நிறுத்துகின்றன என்பதில் அது உருவாகிறது.

தாய்வீடு என்ற சொல்லுக்குத் திரும்புவோம். நம் ஊரில் மகளுக்குத் தாய்வீட்டில் என்ன உண்டு? பாசம் உண்டு, சீர் உண்டு, தலைப்பிரசவம் உண்டு. பங்கு? தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் அண்ணன் தம்பி மனம் நோகக் கூடாதென்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிற பெண்கள் எத்தனை பேர்! ‘அவளுக்குச் சொத்தா பெரிசு, பாசம்தான் பெரிசு’ என்று உறவுகள் மெச்சும். காட்டுக்கும் பெண்ணுக்கும் உள்ள உறவைப் புகழ்கிறவர்களின் குரலில் எனக்கு இதே மெச்சுதல்தான் கேட்கிறது.

பங்கில்லாத பாசம் என்ன ஆகும் என்பதற்கு ரேணியே சாட்சி. 1982இல் நந்தாதேவி தேசியப் பூங்கா வந்தது. மேய்ச்சலும் மூலிகையும் மலையேறிகளுக்குச் சுமை தூக்கிக் கிடைத்த கூலியும் ரேணி, லாதா போன்ற ஊர்களுக்கு இல்லாமல் போயின. காட்டைக் காத்தவர்களையே காட்டுக்கு வெளியே நிறுத்தியது பாதுகாப்பு. 1998இல் லாதா மக்கள் தடையை மீறி உள்ளே நடந்து போய்த் தங்கள் உரிமையைச் சொல்ல வேண்டியிருந்தது.

அரசை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1980இல் டூங்ரி பைந்தோலியில் ஓக் காட்டை அழித்து உருளைக்கிழங்கு விதைப்பண்ணை அமைக்கும் திட்டத்துக்கு ஆண்களின் ஊர்ச்சபை சம்மதித்தது. சாலை வரும், மின்சாரம் வரும், கையில் காசு வரும். அந்தக் காசு ஆண்கள் கைக்குத்தான் போகும், விறகுக்கும் தீவனத்துக்கும் கூடுதல் தூரம் நடப்பது தாங்கள்தான் என்று பெண்களுக்குத் தெரிந்திருந்தது. சொந்த ஊர் ஆண்களை எதிர்த்து நின்று அவர்கள் காட்டைக் காத்தார்கள். சுவரொட்டியில் இந்தக் கதை வருவதில்லை. ‘சமூகம்’ என்ற சொல்லுக்குள் ஒரு வீட்டுச் சண்டை இருப்பதை இது காட்டிவிடுகிறது.

1990இல் ஒன்றிய அரசு கூட்டு வன மேலாண்மையை அறிவித்த பிறகு ஊர்தோறும் வனக்குழுக்கள் வந்தன. பல மாநிலங்களில் வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்பது விதி. அந்த ஒருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. காடு துளிர்க்கட்டும் என்று குழு தடை போட்டது. தடை போட்டவர் வீட்டில் அடுப்பு எரியத்தான் வேண்டும். எரிக்க வேண்டியவள் இன்னும் தொலைவாகப் போனாள், அல்லது திருடியானாள். பங்கேற்பின் பெயரால் நடந்த இந்த விலக்கலை அகர்வால் 2001இல் விரிவாக எழுதினார். குஜராத்திலும் நேபாளத்திலும் செய்த ஆய்வை வைத்து 2010இல் வந்த அவரது நூல், குழுவில் பெண்கள் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால் அவர்கள் குரல் எடுபடுகிறது, காட்டின் நிலையும் மேம்படுகிறது என்று காட்டியது.

அகர்வாலோடும் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. பெண்கள் இருந்தால் காடு செழிக்கும் என்பது நல்ல செய்தி. ஆனால் அதை உரிமைக்கான காரணமாக்கினால் ஆபத்து. பங்கு கேட்கும் மகனிடம் நிலத்தை நன்றாக உழுவாயா என்று யாரும் சோதனை வைப்பதில்லை. காடு செழித்தாலும் செழிக்காவிட்டாலும் பங்கு பங்குதான்.

2006 வன உரிமைச் சட்டம் இந்தத் திசையில் சில அடிகள் வைத்திருக்கிறது. மணமானவர்களுக்கான பட்டாவில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். ஊர்க்காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை உண்டு. 2012 திருத்த விதிகளின்படி சபையில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். ஆனால் விடுதலைப் பத்திரத்திலும் பெண்ணின் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்து இருப்பதால் மட்டும் அவள் முடிவெடுத்தாள் என்று ஆகாது.

2021 பிப்ரவரி 7 அன்று ரிஷிகங்காவில் வெள்ளம் வந்து ரேணியை ஒட்டிய நீர்மின் திட்டத்தை அடித்துப் போனது. அந்த ஜூன் மாதம் சாலையும் சரிந்தது. புதிய சாலைக்காக ஊரில் இருந்த கௌரா தேவியின் சிலையைப் பெயர்த்து ஜோஷிமட்டுக்குக் கொண்டுபோனார்கள். தங்களையும் பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்தச் சொல்லி ஊர்மக்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த முறை மரத்தைக் கட்டிப்பிடித்த அந்தப் படத்தை யாராவது நம் முன்னால் நீட்டினால், சில கேள்விகளாவது கேட்போம். அந்தக் காட்டின் விதியை எழுதிய கூட்டம் எந்த நேரத்தில் நடந்தது? அப்போது இந்தப் பெண்கள் எங்கே இருந்தார்கள்? விதி வந்த மறுநாள் விறகுக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள்?